முதல் டனல் ஹல்: 13 அடி பழசா, 60 குதிரை கேப்சூலா?

அலைமறிச்சான், 4 மார்ச் 2023

அமராவதியில் 2018 நவம்பரில் எஃப்1 எச்2ஓ உலக மோட்டார் படகுப் பந்தயம் நடந்ததே, அதிலிருந்து பிடித்த பைத்தியம். இப்போது மிச்சிகன் வாசம். இங்கே பழைய டனல் ஹல் படகுகள் (ரெண்டு பக்க அடிப்பாகத்துக்கு நடுவில் காற்று ஓடும் டனல் இருக்கும் வகை) ரெண்டு விலைக்கு வந்திருக்கு. ஒண்ணு 13 அடி, திறந்த காக்பிட், 45 கன அங்குல ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். இன்னொண்ணு பதினாலரை அடி, ஓட்டுறவர் உட்கார மூடிய பாதுகாப்பு அறை, அதாவது கேப்சூல் உண்டு, மெர்க்குரி 60 ஃபோர் ஸ்ட்ரோக். விலை முதலாவதைப் போல ரெண்டு மடங்கு. 60 குதிரையில் என்ன பெரிய வேகம் வந்துவிடப் போகுது, மலிவானதை வாங்கிப் பெரிய எஞ்சினா மாட்டிக்கலாம்னு என் கணக்கு. என் எடை 92 கிலோ. அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.

பின்பலகை, 4 மார்ச் 2023

கணக்கு தலைகீழாக இருக்கிறது. எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அடிப்பாகம் நேராக இருக்கும் ஹல்லும், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் காக்பிட்டும்தான் சுலபத்தில் கிடைக்காது. காசை அங்கே போடுங்கள்.

60 குதிரையை ஏளனமாகப் பேச வேண்டாம். எஃப்4 பந்தய வகுப்பே அந்த மெர்க்குரி 60-இல்தான் ஓடுகிறது. 995 சிசி, நாலு சிலிண்டர், 112 கிலோ. நேர்ப்பாதையில் மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் போகும். அப்போது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது ரெண்டு ஸ்பான்சன்களின், அதாவது இருபக்க அடிப்பாகங்களின், கடைசி முழம் மட்டும்தான். மிச்சப் படகைத் தாங்குவது டனலுக்குள் அடைபட்ட காற்று. 13 அடி ஹல்லைச் செய்தவர் அதன் எடைமையத்தை அந்த எஞ்சினின் எடைக்கும் அந்த வேகத்துக்கும் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார். பின்னால் இன்னொரு 30, 40 கிலோவைத் தொங்கவிட்டு வேகத்தையும் கூட்டினால், முதலில் மூக்கு துள்ளும். அப்புறம் ஒரு காற்றடியில் மல்லாக்கும்.

இன்னொன்று: அந்த 13 அடிப் படகு ஓடும் எஸ்எஸ்டி-45 என்ற பந்தய வகுப்பின் பெயரில் இருக்கும் 45 எஞ்சினின் கன அங்குலம்தான். அதைவிடப் பெரிய எஞ்சின் மாட்டிய படகுக்கு அந்த வகுப்பில் இடமில்லை. ஏரியில் தனியாகச் சுற்றலாம், அவ்வளவுதான்.

திருகாணி, 5 மார்ச் 2023

92 கிலோவா? கார்பன் ஃபைபருக்குக் காசு கொட்டி அஞ்சு கிலோ குறைக்கிறதைவிடப் பிரியாணியைக் குறைக்கிறது மலிவு பாஸ்.

பின்பலகை, 5 மார்ச் 2023

சிரிப்பு இருக்கட்டும். பெரும்பாலான வகுப்புகளில் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு. ஒல்லியான ஆள் ஈயக்கட்டி கட்டிக்கொண்டுதான் ஓட்டணும். அவருக்கு ஒரே வசதி, ஈயத்தை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். 92 கிலோ ஆள் சீட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உட்காரணும்.

படகு, எஞ்சின், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொண்டால் நீங்கள் மட்டும் கிட்டத்தட்ட கால்வாசி. சீட்டை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் மொத்த எடைமையம் 2.3 செ.மீ. முன்னே நகரும். கேட்க அற்பமாக இருக்கும். ஓட்டும்போது அது வேறு படகு.

அலைமறிச்சான், 5 மார்ச் 2023

அப்போ பழசை விட்டுடறேன். கேப்சூல் படகைப் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்கணும்?

பின்பலகை, 6 மார்ச் 2023

படகைப் பார்க்கப் போகும்போது 60 செ.மீ.யில் ஒன்று, ரெண்டு மீட்டரில் ரெண்டு என மூன்று அலுமினிய மட்டப்பலகை, சின்ன இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல டார்ச், ஒரு நாணயம், கொஞ்சம் நூல் எடுத்துப் போங்கள். பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் நேராகப் படகுக்கு அடியில் படுத்துவிடுங்கள்.

ஸ்பான்சனின் அடித்தட்டில், பின்முனையிலிருந்து முன்னோக்கி 60 செ.மீ. பலகையை நீளவாக்கில் வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. அதாவது பின்முனை கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, ஓடும்போது மூக்கை அழுத்தும். நடுவில் முட்டி இரண்டு முனையிலும் இடைவெளி தெரிந்தால் உப்பல். அது மூக்கைத் தூக்கித் துள்ள வைக்கும். 0.5 மி.மீ. ஃபீலர் நுழையாவிட்டால் நல்ல அடித்தட்டு. 1 மி.மீ. என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி 1 மி.மீ. இருந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒரு பக்கம் குழிவு, மறுபக்கம் உப்பல் என்றால் அந்தப் படகு வாழ்நாள் முழுக்கச் சாய்ந்து ஓடும்.

பின்முனை விளிம்பு கத்தி போல் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கணும். உருண்டு போயிருந்தால் தண்ணீர் பிரியாமல் விளிம்பைச் சுற்றிக்கொண்டு, எஞ்சின் மாட்டும் பின்சுவரான டிரான்சம் மேல் ஏறும். இது எப்பாக்ஸியில் சரிசெய்யக்கூடிய வேலைதான். ஆனால் பேரத்துக்கு உதவும்.

முறுக்கு பார்ப்பது: பெரிய பலகை ஒன்றை ரெண்டு ஸ்பான்சனுக்கும் குறுக்கே பின்முனையில் ஒட்டிப் பிடியுங்கள், இன்னொரு பெரிய பலகையை ஒரு மீட்டர் முன்னால். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ரெண்டும் இணையாகத் தெரியணும். பிறகு நூல்: ஒவ்வொரு ஸ்பான்சன் மூக்கிலிருந்தும் டிரான்சம் நடுப்புள்ளிக்கு அளந்தால் ரெண்டு நீளமும் ஒன்றாக வரணும்.

டிரான்சம்தான் பணம் தின்னும் இடம். எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு, அழுக்குக் கோடு, பிதுங்கிய மரத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது டிரான்சம் சேர்ந்து நெளியக் கூடாது. பிளைவுட் ஹல் என்றால் நாணயத்தால் முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. பொத்தென்று கேட்டால் அங்கே அடுக்கு விட்டுப் போயிருக்கிறது, அல்லது ஊறிப்போயிருக்கிறது.

கடைசியில் எடை. தண்ணீர் குடித்த ஃபோம் 15 கிலோவைக் கூசாமல் ஏற்றிவிடும், கண்ணுக்கும் தெரியாது.

சாரல், 6 மார்ச் 2023

ஸ்டியரிங் விட்டுப்போச்சு.

பின்பலகை, 6 மார்ச் 2023

ஆமாம். பழைய படகுகளில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறும் கப்பியும்தான். உறைக்கு உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது. விரலால் தடவி, உறை உப்பியிருக்கிற இடம் தேடுங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுக் கயிறையும் மாற்றுங்கள். கப்பிகள் மர ஸ்க்ரூவில் அல்ல, ஊடுபோல்ட்டில் நிற்கணும். எஞ்சினைப் பிடித்து நிறுத்தி ஸ்டியரிங் வீலை ஆட்டினால் விளிம்பில் ஒரு விரற்கடைக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. 110-இல் அந்த ஆட்டம்தான் படகு பாம்பு நெளிவதற்குப் பாதிக் காரணம்.

கால் த்ராட்டிலுக்கு ரெண்டு ஸ்பிரிங் இருக்கணும், ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும். கில் ஸ்விட்ச் (ஆள் சீட்டைவிட்டு விலகினால் எஞ்சினை நிறுத்துவது) கயிறை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று உங்கள் கையாலேயே சோதியுங்கள்.

அலைமறிச்சான், 11 மார்ச் 2023

பார்த்தாச்சு. இடது ஸ்பான்சன் 0.4 குழிவு, வலது 0.3. முறுக்கு இல்லை. டிரான்சம் கணீர். எடைமையம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்பலகை, 11 மார்ச் 2023

வாங்கலாம்.

எடைமையத்துக்கு: பின்முனையில் ஒரு குறுக்குக் கட்டை, சரியாக 3 மீட்டர் முன்னால் இன்னொன்று, இரண்டுக்கும் அடியில் தராசு. படகு மட்டமாக இருக்கணும். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கணும், டாங்க் பாதி. பின்னால் 270, முன்னால் 130 என்று காட்டினால் மொத்தம் 400. 130-ஐ 400-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 0.975. பின்கட்டையிலிருந்து அவ்வளவு மீட்டர் முன்னால் எடைமையம். இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். நல்ல எண், கெட்ட எண் என்று எதுவும் கிடையாது. படகு துள்ளினால் எடையை முன்னே நகர்த்துவீர்கள். மூக்கு தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு எழும்பவே மறுத்தால் பின்னே. எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிய ஆரம்ப எண் வேணும்.

திருகாணி, 12 மார்ச் 2023

எஞ்சினை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிடு. எஞ்சின் கால் தண்ணிக்குள்ள குறையக் குறைய இழுவை குறையும். கூலிங் தண்ணி பிரஷர் விழுறவரைக்கும் தூக்கலாம். இதுதான் ரகசியம்.

பின்பலகை, 12 மார்ச் 2023

நேர்ப்பாதைச் சாதனைக்கு சரி. பந்தயத்துக்கு இல்லை.

முதலில் அளப்பதைச் சொல்கிறேன், பலர் இங்கேயே தப்பு விடுகிறார்கள். ஸ்பான்சன்களின் அடித்தட்டுக்குக் குறுக்கே பலகையை ஒட்டிப் பிடித்து, அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்டின் நடுவுக்கு அளக்கணும். அளக்கும்போது ஷாஃப்ட் அடித்தட்டுக்கு இணையாக இருக்கும்படி டிரிம், அதாவது எஞ்சின் உள்ளே வெளியே சாயும் கோணம், வைத்திருக்கணும். டிரிம் வெளியே இருக்கும்போது அளந்தால் வருகிற எண் குப்பை.

ஷாஃப்ட் அடித்தட்டுக்கு 25 மி.மீ. கீழே இருக்கும்படி ஆரம்பியுங்கள். 6 மி.மீ. ஷிம் (அடியில் வைக்கும் தகடு) ஒவ்வொன்றாக வைத்துத் தூக்குங்கள். ஒவ்வொரு உயரத்திலும் மூன்று விஷயம் பாருங்கள்: ஜிபிஎஸ் வேகம், தண்ணீர் பிரஷர், வளைவிலிருந்து வெளியேறும்போது புரொப்பல்லர் காற்றைப் பிடிக்கிறதா. மூன்றாவதுதான் முதலில் உதைக்கும். ஆர்பிஎம் சட்டென்று எகிறும், படகு நகராது, பின்னால் வருகிறவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். நேர்ப்பாதையில் 2 கி.மீ. லாபம், ஒவ்வொரு வளைவிலும் ஒரு நொடி நஷ்டம். பிரஷர் முழு வேகத்தில் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால் உடனே இறக்குங்கள்.

திருகாணி, 12 மார்ச் 2023

வளைவு நிறைய இருக்கிற சின்ன சுற்றுல நீங்க சொல்றது சரிதான். நீளச் சுற்றுக்கு ஒரு ஷிம் அதிகமா வைக்கலாம். இதுல ஒத்துப்போகலைன்னா அடுத்த வருஷமும் பேசுவோம்.

பின்பலகை, 12 மார்ச் 2023

ஒரு ஷிம்முக்கு ஒத்துக்கொள்கிறேன்.

சாரல், 13 மார்ச் 2023

புரொப்பல்லர் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே.

பின்பலகை, 14 மார்ச் 2023

டனல் ஹல்லில் மூக்கைத் தூக்கக் காற்று இருக்கிறது. புரொப்பல்லரும் மூக்கைத் தூக்கத் தேவையில்லை, பின்பக்கத்தைத் தூக்கினால் போதும். அதனால்தான் பின்விளிம்பு நேராக வெட்டிய கிளீவர். சாப்பர் வகை மூக்கைத் தூக்கும். அடி வி வடிவில் இருக்கும் வி ஹல் படகில் ஜோராக ஓடிய சாப்பரை இதில் மாட்டிப் பார்க்காதீர்கள்.

பிட்ச், அதாவது வழுக்காவிட்டால் புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், சரியா என்று பார்க்க ஒரு வாய்ப்பாடு. ஆர்பிஎம்மை அங்குலப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 0.001524-ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம். மெர்க்குரி 60-இன் வழக்கமான கியர் விகிதம் 1.83. 24 பிட்ச், 6000 ஆர்பிஎம் என்றால் 120 வரும். ஜிபிஎஸ் 110 காட்டினால் வழுக்கல் சுமார் 8 சதவீதம், நல்ல நிலை. 15-ஐத் தாண்டினால் எஞ்சின் உயரம், டிரிம், பிளேடு விளிம்பு இந்த மூன்றில் ஒன்றில் கோளாறு. பிளேடின் முன்விளிம்பில் நெல்மணி அளவு நசுங்கல் இருந்தாலே அதற்குப் பின்னால் உலோகம் அரிக்க ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெண்டு திசையிலும் ஓட்டி சராசரி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஷிம்மும் புரொப்பல்லரும் சேர்த்து மாற்றிவிட்டு "நல்லா ஓடுது" என்றால் எது காரணம் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

அலைமறிச்சான், 2 ஏப்ரல் 2023

படகு வந்தாச்சு. இனி ஓட்டுறது. டிரிம் பட்டனை எப்போ அமுக்குறதுன்னே புரியலை.

பின்பலகை, 2 ஏப்ரல் 2023

கிளம்பும்போது டிரிம் முழுக்க உள்ளே. படகுத்துறையில் எஞ்சின் நிறுத்தி நின்று, கொடி அசைந்ததும் ஸ்டார்ட் போடும் முறையில் இது இன்னும் முக்கியம். உள்ளே இல்லாவிட்டால் மூக்கு வானம் பார்க்கும், எதிரே இருப்பது தெரியாது. படகு தட்டையானதும் டிரிமை வெளியே விடத் தொடங்குங்கள், விட்டு விட்டு, தட்டித் தட்டி. ஸ்டியரிங் லேசாகும், சத்தம் மாறும், வேகம் ஏறும். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாத புள்ளி வந்தால் அதிகம் போய்விட்டீர்கள். ஒரு தட்டு உள்ளே.

துள்ளல் வரும். ஒரே அளவில் இரண்டு முறை துள்ளி அடங்கினால் விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதானால் டிரிமைக் கொஞ்சம் உள்ளே எடுத்து, த்ராட்டிலில் இருக்கும் காலையும் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். காலைப் படக்கென்று எடுத்தால் மூக்கு தண்ணீரில் குத்தும், படகு அதைச் சுற்றித் திரும்பும்.

வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே, காலை ஒரு மூச்சு தளர்த்தி டிரிமை உள்ளே எடுங்கள். அப்புறம் ஸ்டியரிங்கைத் தயங்காமல், ஒரே அசைவாகத் திருப்புங்கள். ஸ்பான்சனின் உள்விளிம்பு தண்ணீரைக் கவ்வும். வி ஹல் போலச் சாய்ந்து சறுக்கிப் போகாது, தட்டையாகவே திரும்பும், உங்கள் விலாதான் பக்கவாட்டில் நசுங்கும். வளைவின் நடுவில் பவரை வைத்திருங்கள். நடுவில் பயந்து த்ராட்டிலை மூடுவதுதான் புதியவர்கள் சுழன்று எதிர்த்திசை பார்த்து நிற்பதற்கு முதல் காரணம். அகலமாக நுழைந்து, வளைவைக் குறிக்கும் மிதவையை வளைவின் பாதிக்குப் பிறகு ஒட்டி வாருங்கள். படகு நேரான பிறகே டிரிம் வெளியே.

வலச்சுற்றுப் புரொப்பல்லரின் எதிர்விசை இடது ஸ்பான்சனை அழுத்தும். இடது வளைவில் படகு வெளிப்புறம், அதாவது வலப்பக்கம், கவிழப் பார்க்கும். அங்கே இது உதவி. வலது வளைவில் அதுவே எதிரி. வலது வளைவை எப்போதும் கொஞ்சம் குறைவான வேகத்தில் எடுங்கள்.

சாரல், 3 ஏப்ரல் 2023

காற்றையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

பின்பலகை, 3 ஏப்ரல் 2023

படகு 100-இல் போகிறது, எதிர்க்காற்று 20. டனலுக்குக் கிடைப்பது 120. தூக்கல் 1.2-இன் வர்க்கம், அதாவது 1.44 மடங்கு. அதே இடத்தில் திரும்பி வரும்போது பின்காற்று, டனலுக்குக் கிடைப்பது 80, தூக்கல் 0.64. ஒரே சுற்றில் ரெண்டு வேறு படகு ஓட்டுகிறீர்கள். எதிர்க்காற்றுப் பக்கம் டிரிம் உள்ளே, பின்காற்றுப் பக்கம் வெளியே. ஆபத்து காற்று அடிப்பதில் இல்லை, விட்டு விட்டு அடிப்பதில். கரையில் மரவரிசை முடிகிற இடம், பாலத்துக்கு அப்புறம் வருகிற இடைவெளி, இவற்றை ஓட்டுவதற்கு முன்பே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போன்ற தண்ணீர் வேகமானது என்று நினைப்பார்கள். உண்மையில் அது அடித்தட்டைப் பிடித்து இழுக்கும். விரல் உயரச் சிற்றலையில்தான் படகு விடுபட்டு ஓடும்.

முன்னால் போகிற படகின் நேர்பின்னால் போகாதீர்கள். அது எறியும் தண்ணீர் டனலுக்குள் வந்தால் தூக்கலும் போகும், பார்வையும் போகும். பக்கவாட்டில் அரைப்படகு தள்ளி ஓட்டுங்கள். அலைத்தடத்தைக் கடக்கணும் என்றால் முடிந்தவரை செங்குத்தாக. சாய்வாகக் கடந்தால் ஒரு ஸ்பான்சன் முதலில் ஏறி, டனலுக்குள் காற்று ஒருபக்கமாக நுழையும்.

திருகாணி, 3 ஏப்ரல் 2023

இவ்வளவும் படிச்சிட்டு பெல்ட் போடாம போய்டாதீங்க.

பின்பலகை, 4 ஏப்ரல் 2023

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேப்சூல் இருந்தால் பெல்ட் கட்டாயம். திறந்த காக்பிட்டில் பெல்ட் போடக் கூடாது. கவிழ்ந்தால் ஆள் தூக்கி வீசப்பட்டு விலகணும், படகோடு அமுங்கக் கூடாது. 1980-களின் தொடக்கம்வரை எஃப்1 படகுகளிலும் நிலைமை அதுதான். இத்தாலிய ஓட்டுநர் ரெனாட்டோ மொலினாரி 1981-இல் முதல் எஃப்1 உலகப் பட்டம் வென்றது திறந்த காக்பிட்டில்தான். 1984-இல் ஓட்டுநர்கள் அடுத்தடுத்து இறந்த பிறகு, பிரிட்டனின் கிறிஸ் ஹாட்ஜஸ் கூட்டுப்பொருளில் பாதுகாப்பு அறை ஒன்றைச் செய்தார். மோதினால் ஹல்லிலிருந்து அறை தனியே கழன்றுவிடும். இன்றைய கேப்சூல்களின் மூலம் அது.

பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. எஸ்எஃப்ஐ பாதுகாப்புத் தர முத்திரை என்றால் தயாரித்ததிலிருந்து 2 வருஷம், எஃப்ஐஏ என்றால் 5. பழைய படகோடு வருகிற பெல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள்.

நீச்சல்குளத்தில் கவிழ்ப்புச் சோதனை முடிக்காமல் கேப்சூலில் உட்காராதீர்கள். தலைகீழானதும் ஒரு கை கேப்சூல் விளிம்பில் ஏதாவது ஒரு நிலையான இடத்தைப் பிடிக்கணும், கடைசிவரை விடக் கூடாது. காற்று முகமூடி, அப்புறம் ஸ்டியரிங் வீலைக் கழற்றுவது, அப்புறம்தான் பெல்ட். பிடியில்லாமல் பெல்ட்டை முதலில் அவிழ்த்தால் உடம்பு மிதந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். பாட்டில் காற்றை மூச்சிழுத்திருந்தால் மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, ஊதிக்கொண்டே வரணும்.

அலைமறிச்சான், 4 ஏப்ரல் 2023

கவிழ்ந்தா எஞ்சின் கதி?

பின்பலகை, 4 ஏப்ரல் 2023

முதலில் ஸ்டார்ட் பட்டனிலிருந்து எல்லாருடைய கையையும் எடுங்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றுங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலை வடித்தால் பால் போல வரும். ஃபில்டரோடு மாற்றி, ஓட்டி, மறுபடி மாற்றி, நிறம் தெளியும்வரை இதைச் செய்யணும். ஒரு கேன் ஆயில் போதாது, மூன்று வைத்திருங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட். இதெல்லாம் வெளியே எடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள். அதற்கு மேல் காற்றில் காயவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். உடனே செய்ய ஆளில்லை என்றால், பேசாமல் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே எஞ்சினை அமுக்கி வைத்துவிடுங்கள், மறுநாள் வரை.

கியர்பாக்ஸ் ஆயில் கவிழ்ந்தாலும் கவிழாவிட்டாலும் ஒவ்வொரு பந்தய நாளுக்கும் மாற்றுவது. வடிக்கும்போது திருகின் காந்த முனையைத் துடைத்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் தூள் சாதாரணம். செதில் தெரிந்தால் கியர் பல் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த பந்தயத்துக்கு அதைத் திறக்காமல் கொண்டு போகாதீர்கள்.